சட்டையில் ஏறிய சிவப்பு நூல்

— பையை மேஜைமேல வைக்காதீங்க ஐயா. கையிலயே வெச்சிருங்க.

— ஏன், எனக்கென்ன தொத்து வியாதியா?

— உங்க துணி நூல் என் சோதனை மேஜைக்கு வந்துடும். அங்கேருந்து இன்னொரு கேஸுக்குப் போயிடும். இருங்க, புதுக் காகிதம் விரிக்கிறேன். ம், இப்ப வைங்க. மருமக செத்த அன்னைக்கு நீங்க போட்டிருந்த சட்டை, துண்டு ரெண்டும் இதுல இருக்கா?

— இருக்கு. துவைக்காம கொண்டாரச் சொன்னாங்க, கொண்டாந்தேன். வெளியில நிக்கிறானே போலீஸ்காரன், அவன் பிரிச்சுப் பார்க்கணும்னான். தொட்டுப் பாருடான்னேன். கையை எடுத்துட்டான்.

— நல்ல காரியம் செஞ்சீங்க.

— நீ மெச்சணும்னு செய்யல. எவனையும் நம்புற ஆளில்ல நான். உன்னையும் சேர்த்துத்தான். மருமக போர்வை, என் மகன் சட்டை, ரெண்டும் இந்த ரூம்லதான கெடக்கு?

— போர்வை மட்டும்தான் எங்கிட்ட. உங்க மகன் சட்டை பக்கத்துக் கட்டடத்துல, வேற ஆள்கிட்ட. அவர் இங்க வர மாட்டார், நான் அங்க போக மாட்டேன்.

— சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போன ஓரகத்திங்க மாதிரி.

— சண்டையெல்லாம் இல்ல, போன்ல பேசிக்குவோம். கேஸ் முடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

— உன் கோட்டு நூலு அதுல விழுந்திருந்தா?

— இங்க வேலை செய்யிறவங்க துணி எல்லாத்துலயும் ஒரு இழை எடுத்து வெச்சிருக்கோம். எங்களோடதுன்னா தெரிஞ்சிடும்.

— தரையைத் துடைக்கிறவ?

— அவங்களோடதும் இருக்கு. துடைக்கிற துணியோடதும் இருக்கு.

— போலீஸ்காரனுங்க போர்வையையும் சட்டையையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பியிருந்தா?

— வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன். தனித்தனிக் காகிதப் பையில, வேற வேற நாள்ல வந்துச்சு. ஒட்டு பிரியல. இவ்வளவு துருவுறீங்களே, வக்கீல் கேக்கச் சொன்னாரா?

— அவன் சொல்லிவிட்டது வேற. இது எனக்காகக் கேக்கிறேன். என் மகன் பொண்டாட்டியை எங்கிட்ட விட்டுட்டுப் போயி வருஷம் ஒண்ணாச்சு. அந்தச் சிவப்புப் போர்வை போன மாசம் நான் அவளுக்கு வாங்கிக் குடுத்தது. அதைக் கண்ணால பார்த்ததில்லங்கிறான். சட்டை முழுக்க அந்த நூலுங்கிறீங்க. அவன் கை படாம அது சட்டைக்கு வர வேற வழியே இல்லையா?

— ஒரு வழி மிச்சம் இருக்கு.

— என்ன வழி?

— நீங்க. மருமகளைத் தூக்கிட்டு ஓடினது நீங்கதானே?

— நான்தான். போர்வையோட வாரி எடுத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என் மடியிலதான் கெடந்தா.

— அப்ப உங்க சட்டையிலயும் அதே நூல்தான் இருக்கும். அதே சட்டையோட ஸ்டேஷனுக்குப் போயிருக்கீங்க. அங்க உங்க மகன் சட்டையைக் கழட்டி வாங்குறதுக்கு முன்னாடி அவரைக் கட்டிப்பிடிச்சிருந்தா, சும்மா தோள்ல கை போட்டிருந்தாக்கூட, அந்த நூல் உங்க மூலமாப் போயிருக்கலாம். நாங்க கண்டுபிடிச்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்.

— விட்டுருவானுங்க. அவனுக்கு எதிரா வேற சாட்சி இல்ல.

— அது என் வேலை இல்ல. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்.

— வக்கீலும் இந்த எடத்துலதான் புடிச்சான். பெத்த அப்பன் புள்ளயைக் கட்டிக்கிட்டு அழுதேன்னு சொன்னா எவன் மறுக்கப்போறான், சொல்லிட்டு வாங்கன்னான். ஸ்டேஷன் பெஞ்சியில தூங்கிக்கிட்டு இருந்த ஏட்டுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றதுதான்.

— வக்கீல் சொன்னது வேண்டாம் ஐயா. நடந்ததைச் சொல்லுங்க. அவரைத் தொட்டீங்களா?

— என்னைப் பார்த்ததும் ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு ஓடி வந்தான். சின்ன வயசுல கீழ விழுந்தா அப்படித்தான் வருவான்.

— தொட்டீங்களா?

— செவுத்தோட ஒண்டி நின்னுட்டேம்மா, அவன் விரல்கூட மேல படல. வண்டியில போறப்ப மருமகளுக்கு மூச்சு இருந்துச்சு. செஞ்சது யாருன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா.