பழைய மெயில் ஐடி

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் சின்ன சேலைக்கடை நடத்தும் ஓர் அம்மாவும், அவருக்கு வெப்சைட் செய்துதரும் பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கம்மி விலை பிளான்ல ஒரே மெயில் ஐடிதான்க்கா. புதுசா ஒண்ணு வச்சிக்கினு பழசை எடுத்துடலாம்.”

“பழசை எடுக்காதம்மா.”

“அதுல ஆர்டரே வர்றதில்லையேக்கா?”

“ஆர்டருக்கு இல்லம்மா. சண்டை போட்டுக்கினு போன என் பொண்ணுக்கு அது ஒண்ணுதான் தெரியும். வீடு மாத்திட்டோம், போன் நம்பரும் மாறிப்போச்சு.”

வெப்சைட் பெண் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“சரிக்கா, கடைக்கும் பழசே இருக்கட்டும். மெயில் உங்க போன்லயே வர்ற மாதிரி பண்ணித் தரேன்.”

“வந்தா சத்தம் கேக்குமா?”

“கேக்கும்க்கா.”

அந்த அம்மா பையிலிருந்து போனை எடுத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டி, மடியில் வைத்துக்கொண்டார்.