பச்சைக் கோடுகள்

“...சிவப்பா கோடு விழுந்தா மனசு ஒடஞ்சு போகுதுலா. அதான் புரோகிராம் எழுதுற எடிட்டர்ல தப்புக்கு வர்ற கலரையே பச்சையா மாத்திட்டேன்,” என்றாள் ஸ்கூடாய் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாணவி.

பக்கத்திலிருந்த தோழி திரும்பினாள். “அலமாக்! இன்னிக்கு லெக்சரர் முன்னால புரோகிராமை ஓட்டிக் காட்டணுமேடி. ஓடுதா?”

“எங்க ஓடுது? ஒரு வாரமா எழுத்து ஸ்டைலை மாத்துனேன், பின்னணி கலரை மாத்துனேன். புரோகிராம்ல மட்டும் கையே வைக்கல. என்னை மாதிரி சோம்பேறிக்கு ஸ்கிரீனாச்சும் அழகா இருக்கட்டும்.”

“பெயிலானா செமஸ்டரையே ரிப்பீட் பண்ணணும். ஜாம்லதானே நிக்கிறோம், இப்பவாச்சும் திருத்து.”

“சரிதான்,” என்று மடிக்கணினியைத் திறந்தாள். திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். பெருமூச்சு விட்டவள், ஒரே ஒரு தப்பு மட்டும் தெரியும்வரை எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.