கடைசிப் பூச்சு

ஐயா,

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. தாளும் வழவழப்பாக இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் புரியும் என்பதால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

கிட்டாரின் முதுகுக்குப் போடும் மரத்தில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அதன்மேல் அப்படியே லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சை அடித்தால் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் ஒரு பசையைக் குழிகளுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். ரேகையோடு இழுத்தால் நிரப்பியதெல்லாம் கூடவே வந்துவிடும். மிச்சத்தைச் சாக்குத்துணியால் துடைத்து, மூன்று நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். பதினாறு வருடமாக எங்கள் பட்டறையில் இதைச் செய்தவன் நான். தேய்த்த தூள் தலைமுதல் கால்வரை படிந்திருக்கும். அதனால் மாமா எனக்கு வைத்த பெயர் பவுடர்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பட்டறை அவருடையது. கிட்டார் வாங்க வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவன் நம்ம பவுடர். கல்யாணத்துல பொண்ணோட இலவச இணைப்பா வந்தவன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு கிட்டாரைப் பலகை அறுப்பதிலிருந்து கம்பி கட்டுவதுவரை நானே செய்கிறேன், உள்ளே ஒட்டும் சீட்டில் என் பெயர் இருக்கட்டும் என்று. "செய்டா, யாரு வேணாங்கிறா?" என்றார். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். ஏழு மாதம் அதில் உழைத்தேன். சீட்டை என் கையாலேயே எழுதி, முதுகுப் பலகையை மூடுவதற்கு முன் உள்ளே ஒட்டினேன்.

லாக்கர் அடிக்கும் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது. லாக்கரின் நச்சுப் புகையை வெளியே இழுக்க ஒரு ஃபேன் உண்டு. தீப்பொறி ஆகாது என்பதால் அதன் சுவிட்ச் வெளியே. ஃபேன் இழுக்கிற இழுப்பில் கதவு ஆடும் என்பதால் தாழ்ப்பாளும் வெளியே. உள்ளே இருப்பவர் அடித்து முடித்துச் சுவரில் இரண்டு முறை தட்டுவார். வெளியே இருப்பவர் ஃபேனை நிறுத்திக் கதவைத் திறப்பார். தட்டும்வரை திறக்கக் கூடாது. ஈரமான லாக்கரில் ஒரு தூசி விழுந்தால் போதும், ஒரு வார வேலை வீண்.

ஒருமுறை தட்டுவதற்கு முன்பே நான் திறந்துவிட்டேன். மாமாவின் மகள் பள்ளிக்கூடப் படியில் விழுந்து பல் உடைந்துவிட்டதாகப் போன் வந்திருந்தது. அதைச் சொன்னேன். "பல்லு போனா முளைக்கும்டா. இந்தப் பலகை போனா முளைக்குமா?" என்று கேட்டு, கையிலிருந்த துணியை என் முகத்தில் எறிந்தார். பட்டறையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த விதியை நான் மீறியதே இல்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மற்றவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடைசிப் பூச்சுக்கு முன் கிட்டாரின் வட்ட ஓட்டையைக் காகிதத்தால் அடைக்க வேண்டும். அடைக்கக் குனிந்தபோது உள்ளே பார்த்தேன். என் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மாமா அவருடைய சீட்டை ஒட்டியிருந்தார். அதுவும் கோணலாக.

"மாமா, உள்ள யாரு பேரு இருக்கு?" என்று கேட்டேன்.

"யாரு பேரு இருக்கணும்? வாங்குறவன் பவுடர்னு போட்டிருந்தா வாங்குவானா? முகத்துக்குப் பூசிக்கிட்டுப் போயிடுவான்" என்றார்.

"அக்கா முன்னால ஒத்துக்கிட்டீங்க."

"சின்னப் புள்ளை மிட்டாய் கேட்டா, சரிம்பாங்க இல்ல? அந்த மாதிரி. தள்ளு, கடைசி கோட் நான் அடிக்கிறேன். உன் கை நடுங்குது பாரு."

கை நடுங்கியது உண்மை. அவர் சொன்னது நியாயம்தான். அதனால் விலகி நின்றேன்.

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். முகமூடி போட்டால் அவருக்குப் பார்வை மறைக்குமாம். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அடிக்கும் சத்தம் கேட்டதும் ஃபேனை நிறுத்தினேன்.

"டேய், ஃபேன் நின்னுடுச்சுடா" என்று கத்தினார்.

"பார்க்கிறேன் மாமா. நீங்க நிறுத்தாதீங்க, பாதியில விட்டா கோடு விழும்" என்றேன்.

இந்தத் தொழிலில் இல்லாத எவனும் அந்த நிமிடமே லாக்கர் பீய்ச்சும் கன்னைக் கீழே போட்டிருப்பான். மாமா போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு முழுச் சுற்று அடித்து முடித்தார். கைதேர்ந்தவர், அதை மறுக்கமாட்டேன்.

பிறகு இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. அதன்பிறகு எண்ண முடியாதபடி கதவில் அறைந்தார். "டேய் பவுடர்" என்றார். கடைசியில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் மேசையில் வேறொரு கிட்டாரின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சத்தம் அடங்கி இருபது நிமிடம் கழித்து, ஃபேனைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். மாமா கதவோரம் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து வந்தது. ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கிட்டாரைப் பார்த்தேன். விழும்போது பிடித்திருக்கிறார். முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஏழு மாத உழைப்பு ஐயா. அவரைத் தாண்டிப் போய் அதை எடுத்து வெளியே வைத்தேன். முக்கால் மணி நேரம் காயவிட்டேன். தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் விரல் தடம் போகும்வரை தேய்த்துத் துடைத்தேன். மறுபடி உள்ளே கொண்டுபோய் மாட்டி, ஒரு பூச்சு அடித்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. கன்னைக் கழுவி வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

மூச்சு எப்போது நின்றது என்று கேட்கிறீர்கள். என் காலடியில்தான் கிடந்தார், ஆனாலும் எனக்குத் தெரியாது. லாக்கர் அடிக்கும்போது நான் வேறு எதையும் பார்ப்பதில்லை.