புகை வடித்த துணி

நல்ல துணியை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் வேட்டி கிழிந்தால் துண்டாகும். துண்டு கிழிந்தால் அடுப்படிக் கரித்துணியாகும். என் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் என் மனைவி அல்போன்சா. இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

என் பெயர் ராயப்பராஜ். திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை போகும் வழியில், பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை என்னுடையது. ஆலைக்குக் கிழக்கே மல்லிகைத் தோட்டங்கள், அதை ஒட்டி ஊர். ஆடிக் காற்றில் புகை நேராக அங்கேதான் போகும். காற்றுக்கு நானா வழி காட்டினேன்? மொட்டில் கரி படிந்து சந்தையில் பூ விலைபோகவில்லை என்று முதலில் வந்தார்கள். பிறகு பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்று வந்தார்கள். ஒருநாள் பெண்கள் கூட்டமாகத் திரண்டு, என் கேட்டுக்கு முன்னால் மண்ணை வாரித் தூற்றினார்கள். முதல் ஆளாக நின்றவள் பாண்டிச்செல்வி, வயிற்றில் பிள்ளையோடு.

"எங்க பிள்ளைக மூச்சுல விசத்தக் கலக்குறியே, நீ வெளங்குவியா?" என்றாள்.

அந்த மண் என் சட்டையில் விழுந்தது. நான் கோபப்படவில்லை. உதறிவிட்டு உள்ளே போனேன்.

அதிகாரிகள் வந்து ஆலையைப் பூட்டினார்கள். புகையை வடிகட்டாமல் உலை எரியக் கூடாது என்றார்கள். சரி என்றேன். வடிகட்டி வாங்கிப் பொருத்தினேன். பெரிய மாயமெல்லாம் இல்லை. தலையணை உறை போல நீள நீளமான துணிப் பைகள், அவ்வளவுதான். ஈயத் தூசி துணியில் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். மறுபடி உலை பற்றவைத்த அன்று புகைபோக்கிக்கு மேலே வானம் தெளிவாக இருந்தது. பாண்டிச்செல்வியே இரண்டு முழம் மல்லிகையோடு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, யோகேஷ் என்று பெயர்.

"நல்லா இருங்க மொதலாளி," என்றாள். மண்ணைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பைகள் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். கழற்றிய பைகளைத் தனி லாரியில் ஏற்றி, விஷக் கழிவு புதைக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நான் தொட்டுப் பார்த்தேன். கனமான துணி, லேசில் கிழியாது. பிரித்து, தட்டி, தொட்டியில் அலசி, வெயிலில் காயப்போட்டேன். பொங்கலுக்கு ஊருக்கே கொடுத்தேன். மண்ணை வாரித் தூற்றியவர்களுக்குத் துணி கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும், சொல்லுங்கள்.

பாண்டிச்செல்விக்கு என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். இருப்பதிலேயே தடிமனான துணி.

"இம்புட்டு கனமா இருக்கே மொதலாளி. பிள்ளைக்குக் கீழ விரிக்க ஆகுமா?"

"தாராளமா விரி ஆத்தா. ரெண்டு தண்ணி அலசுனதுதான்."

சிலர் தலையணை தைத்தார்கள். சிலர் கால்மிதியாகப் போட்டார்கள். யோகேஷ் அதன்மேல்தான் தவழ்ந்தான். பல் முளைக்கிற பிள்ளை, எந்நேரமும் துணியின் ஓரத்தைச் சப்பிக்கொண்டே கிடக்கிறான் என்று அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன்.

கோடைக்குள் அவன் சோறு தின்ன மறுத்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளை மறுபடி தவழ்ந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் வலிப்பு கண்டு இறந்துபோனான். ரத்தத்தில் ஈயம் என்றார்கள்.

அதிகாரிகள் ஓடி வந்து புகைபோக்கியில் கருவி வைத்தார்கள். சுத்தம். ஊர்க் காற்றை அளந்தார்கள். அதுவும் சுத்தம். நம்பாமல் மறுபடி அளந்தார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் என்னைப் போலச் சட்டத்துக்கு அடங்கிய ஆலைக்காரன் எவனும் இல்லை. ஊர் கேட்டது நல்ல காற்று. கொடுத்தேன். துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதது அவர்கள் பெருந்தன்மை. அதற்கு நான் என்ன செய்ய?

பிள்ளையைப் புதைத்த சில நாளில் பாண்டிச்செல்வி என் வீட்டுக்கு வந்தாள். அந்த விரிப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இதப் பாத்தா பிள்ளை நெனப்பாவே இருக்கு மொதலாளி. நல்ல துணி. வேற பச்சப்பிள்ளை இருக்குற வீட்டுக்குக் குடுங்க," என்றாள்.

அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். உள்ளே எங்கள் பேத்தி லிடியா தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அல்போன்சா அதை அவளுக்குக் கீழே விரிக்கப் போனாள். நான் அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாயையும் கழுவினேன். திரும்பிப் பார்த்தபோது பாண்டிச்செல்வி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அல்போன்சாவும்தான். இருவரும் சேர்ந்துதான் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார்கள்.

ஆம், ஊருக்குள் போன துணி ஒவ்வொன்றும் நான் கொடுத்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தே கொடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் பேத்திக்கு அதை விரிக்க விடாததற்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டில் துணிக்கு என்ன பஞ்சம்?