'வேண்டாம் அம்மா' வேண்டும் என்று கேட்ட குடும்பம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, கால்நடை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மாவின் கணவரே, மகளே, மதியமே கூண்டுகளைச் சரிபார்த்துப் பூட்டிவிட்டு வந்திருக்கும் பராமரிப்பாளர்களே, வண்டி ஓட்டுநர்களே, தீவனக் கிடங்குத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்து நான்கு வருடமாக விலங்குகளோடு, இப்போது காண்டாமிருகங்களோடு பேசிப் பழகியவன் நான். அவை குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சஃபாரி பூங்காவுக்கு எந்த விலங்கு வரலாம், எது வரக்கூடாது என்று பதினெட்டு வருடம் தீர்த்துச் சொன்னவர், விலங்குத் தேர்வுப் பொறுப்பாளர் அம்மா. பன்னிரண்டு நாளுக்கு முன் அவரை இழந்தோம். நாளைக் காலை பத்து மணிக்குத் தேர்வுக்குழு கூடுகிறது. காலியாகக் கிடக்கும் மேற்கு வளாகத்துக்கு வெள்ளைப்புலியா, செந்நாயா என்பதை உறுதி செய்யப் போகிறோம். அம்மா கேட்டது செந்நாயை. இதை விட்டுவிட்டு அவரை வெறுமனே புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சி யாருக்கு வேண்டும்?

நாம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியும். வேண்டாம் அம்மா. ஒட்டகச்சிவிங்கி கொடுக்கிறேன் என்றார்கள். "கொட்டகை உயரம் பத்தாது, வேண்டாம்" என்றார். இலவசமாகச் சிங்கம் தருகிறேன் என்றார்கள். "இருக்கிற பெண் சிங்கத்துக்கு அது அண்ணன் முறை, வேண்டாம்" என்றார். பட்டப்பெயர் அவர் காதுக்கும் போயிற்று. கோபித்துக்கொண்டாரா? தேநீர் அறையில் என்னைப் பிடித்து, "யாருப்பா வச்சது? பொருத்தமாத்தான் இருக்கு" என்று கேட்டார். வைத்தவன் நான்தான். அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

அவரிடம் நான் வாங்கிய பெரிய திட்டு ஒன்று உண்டு. நம் காண்டாமிருக ஜோடி வந்து இரண்டு வருடமாகியும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்கவில்லை. ஆண் ஒரு மூலை, பெண் ஒரு மூலை. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், தீவனத்தை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை, என் வளாகம் கண்ணாடி மாதிரி இருக்கும். விடியற்காலையில் சாணியை ஒரு பொட்டு விடாமல் அள்ளிவிடுவேன். ஒருநாள் அம்மா வேலிக்கு வெளியே நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"இதுங்க ஒரே இடத்துல சாணி போட்டுக் குவிக்கும். யாரு, என்ன வயசு, எப்போ தயார்னு அதை மோந்துதான் இன்னொண்ணு தெரிஞ்சுக்கும். நீ தினமும் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு, பதில் வரலைன்னு கவலைப்படுறியா?"

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் சுத்தம் ஒரு பரம்பரையையே நிறுத்தி வைத்திருந்தது. மறுநாளிலிருந்து ஆணின் சாணியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெண்ணின் பக்கம் கொட்டினேன். இப்படி ஒரு தூது எந்தக் காதலுக்கும் யாரும் போயிருக்க மாட்டார்கள். நாலாவது மாதம் இரண்டும் சேர்ந்தன. அடுத்த பதினாறாவது மாதம் குட்டி. இன்று அதற்கு மூன்று வயது. போன வாரம் என்னை முட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார வைத்தது.

இப்படிப்பட்டவர் ஒரு விலங்கை வேண்டும் என்று கேட்டால், அதில் காரணம் இருக்காதா? மூடப்படப்போகும் ஒரு பூங்காவில் ஆறு செந்நாய்கள், ஒரே குடும்பம். நாம் எடுக்காவிட்டால் இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாக வளர்க்கும் ஜாதி அது. அம்மா இதை எடுத்துச் சொன்ன தேர்வுக்குழுக் கூட்டத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். "நாயைப் பார்க்கவா காசு கொடுத்து வருவாங்க?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது வெள்ளைப்புலிக்கு மூன்று, செந்நாய்க்கு இரண்டு. அம்மாவும் மருத்துவரும் மட்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். மூன்றாவது கை என்னுடையது.

அம்மா வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அதுங்களைப் போய்ப் பார்த்தியா?" இல்லை என்றேன். "சரி, விடு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பதின்மூன்று நாளில் போய்விட்டார். அந்த 'சரி, விடு' என்னைத் தூங்க விடவில்லை.

ஐந்து நாளுக்கு முன் பஸ் ஏறிப் போனேன். அங்கே ஒரே ஒரு பராமரிப்பாளர்தான் மிச்சம். அம்மா பெயரைச் சொன்னதும், "மூணு தடவை வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாங்க" என்றார். கறியைப் போட்டார். பெரியவை ஆறும் பாயவில்லை, ஒதுங்கி நின்றன. எதற்கு நிற்கின்றன என்று பார்த்தேன். வளையிலிருந்து ஒரு சின்னத் தலை. பின்னால் இன்னொன்று. மொத்தம் நாலு குட்டி, தள்ளாடித் தள்ளாடி. அவை கறியை முகர்ந்து, நக்கி, விளையாடி முடிக்கும்வரை ஒரு பெரிய நாயும் வாய் வைக்கவில்லை.

"அம்மாவுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிறந்து முப்பது நாள் தாண்டுற வரைக்கும் வெளியில சொல்லக்கூடாது, தாய்க்குத் தொந்தரவுன்னு அவங்கதானே எங்களுக்கே சொல்லிக் கொடுத்தாங்க. நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன் சார். அதுக்குள்ள..."

நாங்கள் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இயக்குநர் அவர்களே, அம்மாவின் ஓட்டு குறிப்பேட்டில் இருக்கிறது. அதை யாரும் அழிக்க முடியாது. மருத்துவரின் ஓட்டு இருக்கிறது. என் ஓட்டை நான் மாற்றுகிறேன், இனி செந்நாய்க்கு மூன்று. இந்தச் சபை முன்னால் சொல்கிறேன், நாளைக் கூட்டத்தில் எழுதியும் தருகிறேன். நாயைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டேனே, வருகிற ஒவ்வொரு வண்டியிலும் நானே ஏறி நின்று, பெரியவை ஏன் ஒதுங்கி நிற்கின்றன என்று சொல்வேன். மேற்கு வளாகத்தில் வளை தோண்ட எத்தனை பேர் என்னோடு வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். நல்லது, மண்வெட்டி பத்தாது போலிருக்கிறது.

அம்மா, முப்பது நாள் நேற்றோடு முடிந்தது. இனிமேல் சொல்லலாம். நீங்கள் கேட்டது ஆறு. வரப்போவது பத்து.