ஒன்பது வண்டிகளின் காற்றை இறக்கியது பற்றி

போலீஸ் நிலையத்தில் என் பெயரையும் தகப்பனார் பெயரையும் மேலே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, காத்துக்காரர் என்றால்தான் தெரியும். வயது எழுபத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிச் சந்தில், மூன்றாவது வீட்டு மாடியில் மகளோடும் மருமகனோடும் குடியிருக்கிறேன். விருந்து மண்டபத்துக்கு எதிர்மூலையில் நாற்பத்தொரு வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார்.

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் மேற்பார்வையாளரும் அங்கே வேலை செய்யும் ஆறு பேரும் என்மேல் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். புதன்கிழமை அவர்களுடைய வண்டிகளின் காற்றை நான் இறக்கிவிட்டேன் என்பது உண்மை. என் கடைக்கு வியாபாரம் சேர்க்க இறக்கினேன் என்பது பொய். உண்மையையும் பொய்யையும் ஒரே சாக்கில் கட்டாமல் தனித்தனியாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கம்பெனியில் வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள் மண்டபத்தில் விருந்து வைப்பது வழக்கம். என் மருமகன் அங்கே வெட்டு இயந்திரத்தில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் இதே விருந்தின்போது, அவர் குடித்திருந்ததைப் பார்த்து வண்டிச் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் என்னோடு சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே போய்க் கூட்டாளியின் வண்டியை வாங்கி ஓட்டி, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி இடது கையை முறித்துக்கொண்டார். அதன் பிறகு வழக்கு நடந்து, ஒரு வருடத்துக்கு லைசென்ஸைப் பிடித்து வைத்தார்கள். இன்னொரு முறை இதே குற்றத்துக்கு வந்து நின்றால் சிறைதான் என்று நீதிபதி சொன்னதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். சாவியை மட்டும் எடுத்தது என் தவறு என்று அன்றே மனதில் முடிந்துகொண்டேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை காலையில் என் மகள் துணி உலர்த்திக்கொண்டே, "அப்பா, அவரு இந்த வருஷம் தொடமாட்டேன்னு சொல்றாரு. நான் நம்பறேன். நீங்க நம்ப வேணாம்" என்றாள். நான் சரி என்றேன்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு விருந்து தொடங்கியது. நான் பின்னால் எண்ணியபோது மண்டபத்தின் பக்கச் சுவரோரம் பதினொரு வண்டிகள் நின்றன, அதில் மேற்பார்வையாளருடைய கார் ஒன்று. மூன்று மணிக்கு மேலே சிரிப்புச் சத்தம் பெரிதானது. மருமகன் சன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவில் போன யாரோ ஒருவருக்கு ராணுவக்காரர்போல் சலாம் வைத்ததைப் பார்த்தேன். குடிக்காதபோது அவர் அப்படிச் செய்யும் ஆள் இல்லை. நான்கு மணி வாக்கில் கடையிலிருந்து வால்வு கழற்றும் சாவியையும் ஒரு காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய், முதலில் மருமகன் வண்டியின் பின்சக்கரத்தில் வால்வு ஊசியைத் திருகி எடுத்தேன், அதன் பிறகு வரிசையாக மற்ற வண்டிகளிலும் எடுத்தேன். இவர் வண்டியை மட்டும் நிறுத்தினால் இன்னொருவர் வண்டியை வாங்கிக்கொண்டு போவார் என்று எனக்குத் தெரியும், ஆகவேதான் எல்லாவற்றிலும் எடுத்தேன். குடிப்பழக்கம் இல்லாத பசை ஒட்டும் பிரிவு அம்மாளின் வண்டியையும், சோடாவைத் தவிர எதையும் தொடாத கிடங்குக்காரரின் வண்டியையும் விட்டுவிட்டேன். ஆக ஒன்பது வண்டிகள். புகாரில் ஏழு என்று இருக்கிறது, அது குறைவு.

எனக்கு நம்பர் பலகை வாசிக்கத் தெரியாது. எந்த வண்டி யாருடையது என்பது டயரைப் பார்த்தால் தெரியும், ஏனென்றால் இந்தத் தெருவில் ஓடும் டயர்களில் முக்கால்வாசி என் கை பட்டவை. கடைசியாக நின்ற வண்டியின் பின் டயரில், பக்கவாட்டில் நான்கு விரல் அகலத்துக்கு நான் வைத்த ஒட்டு இருந்தது. அது அச்சுப் பிரிவுக்காரரின் டயர், அவர் நன்றாகக் குடிப்பார். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி, தன் டயர் தேய்ந்துபோனதால் கணவரின் டயரைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் டயரைப் பார்த்தேனே தவிர வண்டியைப் பார்க்கவில்லை. இது என் தவறு, இதை யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன்.

சுமார் நான்கரை மணிக்கு அந்த அம்மாள் பக்கத்து மருந்துக்கடையிலிருந்து வந்து வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"பெரியவரே, இது உங்க வேலையா?"

"ஆமாம்மா."

"என்னைப் பாத்தா குடிச்சவ மாதிரியா இருக்கு?"

"இல்லம்மா. டயரு குடிக்கிற டயரு."

அவர் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு வேலையில் இருக்க வேண்டும், இரட்டைக் குழந்தை கேஸ் காத்திருக்கிறது என்றார். டப்பாவில் இருந்த ஊசி ஒன்றை எடுத்து மாட்டி, காலால் மிதிக்கும் பம்பில் காற்று அடித்தேன். பாதியில் மூச்சு வாங்கியது, மீதியை அந்த அம்மாளே பையைக் கீழே வைத்துவிட்டு மிதித்தார். கிளம்பும்போது, "இருங்க, திரும்பி வந்து பேசிக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் கடைக்கு வந்து, இரண்டும் பெண் குழந்தைகள், தாயும் நலம் என்று சொல்லிவிட்டு, பாலத்துத் திருப்பத்தில் போலீசார் தன்னையும் நிறுத்திக் குழாயில் ஊதச் சொன்னதாகச் சொன்னார்.

புதன்கிழமை ஐந்தரை மணிக்கு விருந்து முடிந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். மேற்பார்வையாளர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் காத்துக்காரரே, கடை ஓடலேன்னா சொல்லியிருந்தா நாங்களே ஆணி அடிச்சுக்கிட்டு வந்திருப்பமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான், "காத்த நான் தின்னுடல. காலையில தெளிஞ்சு வாங்க, கூலி வேணாம், நானே அடிச்சுத் தர்றேன்" என்றேன். அதன் பிறகு அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே பேருந்திலும் நடந்தும் போனார்கள். ஒருவர் என் மருமகனிடம், "உனக்கு மாமனாரா, ஆயாவா?" என்று கேட்டார். மருமகன் வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை காலையில் கூலி வாங்காமல் எட்டு வண்டிகளுக்கும் ஊசி மாட்டிக் காற்று அடித்தேன். ஆனாலும் காத்துக்காரர் காசுக்காகக் காற்றைப் பிடுங்குகிறார் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு வண்டிகூட என் கடைக்கு வரவில்லை. பஞ்சரான வண்டியை என் கடையைத் தாண்டி, மேட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு வருடத்தில் அதை முதல் முறையாகப் பார்த்தேன்.

இன்று சனிக்கிழமை பத்து மணிக்கு என்னை வரச் சொன்னார்கள், வந்தேன். புகார் கொடுத்த ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஆய்வாளர் அவர்களிடம், புகார் முழுமையாக வேண்டும் என்றால் அன்றைக்கு ஐந்தரை மணிக்கு அவரவர் எங்கே போக இருந்தார்கள், வண்டியை யார் ஓட்ட இருந்தார்கள், அதற்கு முன் என்ன குடித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும் என்றார். ஒருவர், "ரெண்டுதான் சார்" என்றார். "ரெண்டு என்ன, வாழைப்பழமா?" என்று ஆய்வாளர் கேட்டார். அன்றைக்குப் பாலத்துத் திருப்பத்தில் நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை தானே நின்றதாகவும் சொன்னார். மேற்பார்வையாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரியவர் நமக்கு வேண்டியவருதான் சார். ஒண்ணும் எழுத வேணாம், விட்டுடலாம்" என்றார்.

நான் விட வேண்டாம், எழுதுங்கள் என்றேன். எழுதாமல் விட்டால் எனக்கு வழக்கு இருக்காது, ஆனால் தெருவில் பேச்சு இருக்கும். காகிதத்தில் இருந்தால் யாராவது வாசித்துச் சொல்வார்கள். ஆய்வாளர் எழுத்தரைக் கூப்பிட்டார். மேற்பார்வையாளரும், நான் கூலி வாங்கவில்லை என்றும் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெளியே போகும்போது, கார் முன்சக்கரம் கொஞ்சம் ஆடுகிறது, திங்கட்கிழமை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். கொண்டு வாருங்கள் என்றேன்.

இதை எழுத்தர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லி இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். ரேகைக்குச் சாட்சியாக எழுதத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகன், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து, "மாமா, எந்த இடத்துல?" என்று கேட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டார்போல. இதை எழுதும்போது பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார்.

(இடது பெருவிரல் ரேகை)

சாட்சி: மேற்படியாரின் மருமகன்