எச்சில் தட்டோடு போன வீடு

“ரோம்ல எங்க வீட்ட எச்சித்தட்டோட எடுத்துட்டுப் போயிட்டான்க்கா.”

புதன்கிழமை, குர்லாவிலிருந்து மாஹிம் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவள் மகனோடு இத்தாலியைச் சுற்றிவிட்டு வந்தவள். மற்றவள் தாராவியில் அவளுக்குப் பக்கத்து வீடாம்.

“எந்த வீடுட்டி?”

“மெழுகு வீடுதான்க்கா. சொந்தமா ஃபிளாட் கெடைக்கணும்னு புதன்கெழம மாஹிம் மாதா கோயில்ல வைப்போம்லா, அது. ரோம்ல வச்சா இன்னும் விசேசம்னு இங்கேருந்தே வாங்கிட்டுப் போனேன்.”

“வச்சியா?”

“எங்க வைக்க? காலையில இடிஞ்ச மண்டபம் பாக்கவே டிக்கெட்டு. அதையெல்லாம் இடிச்சிட்டுப் புதுசு கட்டித் தாரேன்னு அங்க எவனும் வரல போல. பொறவு கோயில் கோயிலாப் போனோம். மெழுகு வைக்க ஒரு மேச கெடையாது. வாட்ச்மேன் மோந்து பாத்துட்டு, சோப்பான்னு மவன்கிட்ட கேக்கான். வெயில்ல கூரை வேற வளைஞ்சிட்டு. மத்தியானம் பீட்சா திங்கையில மேசையில வச்சேன். ஐஸ்கிரீம் வாரதுக்குள்ள சர்வர் தட்டோட அள்ளிட்டுப் போயிட்டான்.”

“அப்ப நேர்ச்ச சேருமா, சேராதாட்டி?”

“அதாங்க்கா புரியல. அன்னைக்குத்தான் இங்க, குடிசைய இடிச்சிட்டு ஃபிளாட் குடுக்க வீடு கணக்கெடுக்குற சர்வேவாலாங்க வந்திருக்காவ. வீடு பூட்டிக் கெடக்குன்னு பேரே எழுதாமப் போயிட்டாவ.”



“இப்ப அவங்க ஆபீசுக்கா போற?”

“ஆபீசு எங்க இருக்குன்னு கேட்டா ஆளுக்கொரு எடம் சொல்லுதாவ. அதான், இன்னொரு மெழுகு வீடு வாங்கப் போறேன்.”